மாஸ்டரின் மூக்கு

என் வீட்டுக்காரர் சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டார். ஊரே சாப்பிடும் அளவுக்குச் சாம்பார் கொதிக்கும், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்க மாட்டார். அண்டாவின் மேல் குனிந்து, ஆவியைக் கையால் தன் பக்கம் தள்ளி, மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். "உப்பு அரைக் கை குறையுது" என்பார். போட்டால் சரியாக இருக்கும். கல்யாணச் சமையல் செய்யும் பழைய ஆட்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. முதல் இலை சாமிக்குப் படைக்கும்வரை சமைத்தவன் நாக்கில் எதுவும் படக்கூடாது. மற்றவர்கள் இப்போதெல்லாம் மறைவாகக் கரண்டியை நக்கிக்கொள்கிறார்கள். இவர் மட்டும் மூக்கையே நம்பினார். பூதலூர் பக்கம் போனாலும் ஒரத்தநாடு பக்கம் போனாலும் கல்யாண வீடுகளில் இவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியாட்களிடம் பேசும்போது நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

மூக்கு நன்றாக இருந்தது. நெஞ்சுதான் சரியில்லை. இளம் வயதில் விறகடுப்புப் புகையிலேயே கிடந்து, காசநோய் வந்து, மாத்திரை தின்று பிழைத்தவர். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போய்விட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரில் ஏதோ பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வார். கொரோனா வந்த புதிதில், மாத்திரை எழுதி வாங்கப் போன இடத்தில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவருக்கு மட்டும் அது வந்துடக் கூடாதும்மா. வந்துட்டா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவருக்கு நான், எனக்கு அவர், அவ்வளவுதான் வீடு. அன்றைக்குப் பிடித்த பயம், இதை எழுதும் இன்றுவரை விடவில்லை.

முதல் வருடம் அவரை வாசல் கதவைத் தொட விடவில்லை. பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பேன். கத்திரிக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைப்பேன். "பாவம், அதுக்கும் ஒரு ஊசி போட்டு விட்டுடேன்" என்று கேலி செய்வார். செய்யட்டும். ஆள் இருந்தால்தானே கேலி. அப்படியே அந்த வருடத்தைத் தாண்டினோம். தை, மாசியில் கல்யாணங்கள் மறுபடி தொடங்கின. எல்லாம் முடிந்தது என்று ஊரே நம்பியது. சித்திரை பிறந்ததும் அது திரும்பி வந்தது. முதல் வருடம் பேப்பரில் படித்த சாவு, இந்தத் தடவை எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தது.

எதிர் வரிசையில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். தினமும் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஒரு நாள் லேசாக இருமினார். அந்த வாரக் கடைசியில் பிளாஸ்டிக்கில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் சம்சாரம் கேட்டுக்குள் நின்றுகொண்டு, "முகத்தை மட்டும் காட்டுங்கய்யா, முகத்தை மட்டும்" என்று கத்தினாள். யாரும் காட்டவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. போகவில்லை. ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன்.

அந்த வாரத்தில்தான் பாத்திரக்காரி வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். எங்கள் கல்யாண வேலைகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் பெண்களைக் கூட்டி வருபவள் அவள். அவளும் அவள் கூட்டமும் வடவாற்றங்கரையில் குடிசை போட்டிருந்தார்கள். காய் நறுக்குகிறவர்கள், எச்சில் இலை எடுக்கிறவர்கள், பந்தலுக்குக் கம்பு சுமக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான். கல்யாணம் உண்டென்றால் அவர்களுக்கு அன்றைக்குச் சோறு, கூலி, மிஞ்சிய குழம்பு எல்லாம் உண்டு. கல்யாணம் நின்றால் எல்லாமே நின்றுபோகும்.

"கார்டு இருக்கிறவங்க ரேஷன் அரிசியப் பொங்கிக்கிறோம்க்கா. கார்டு இல்லாத சனம் கெடக்குதே. பலூன் விக்க வந்து மாட்டிக்கிட்டதுங்க, கேக்க நாதியில்லாத கெழடுங்க. நாங்க குடுக்கறது எவ்வளவு நாளைக்கு வரும் சொல்லுங்க."

உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது. "அந்தப் பூதலூர் கல்யாணச் சாமான் அப்படியே கெடக்குல்ல?"

கிடந்தது. நின்றுபோன கல்யாணத்துக்கு வாங்கிய அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் எல்லாம் எங்கள் வீட்டு அறையில் மூட்டையாக இருந்தது. பெண் வீட்டார் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். சுப காரியத்துக்கு வாங்கியதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். ஏதாவது நல்லதுக்கு நீங்களே செலவழித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் போனதும் எங்களுக்குள் சண்டை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது தெரு முழுக்கத் தெரியும்.

"மூட்டையாவே தூக்கிக் குடுத்துடுவோம். நீங்க அடுப்புகிட்ட நிக்கக் கூடாது."

"அடுப்பே இல்லாத சனம் மூட்டைய வச்சு என்ன பண்ணுவாங்க? பச்சைப் பருப்பையா தின்பாங்க? நான் சமைக்கிறேன். வீட்டை விட்டு வெளிய கால் வைக்க மாட்டேன், போதுமா?"

"அப்ப யாரு கொண்டுபோய்க் குடுக்கறது?"

"நீதான்."

"நான் போயிட்டு வந்து உங்களுக்கு ஒட்டிவிட்டா? டாக்டர் சொன்னத உங்ககிட்ட சொன்னேனே, ஞாபகம் இருக்கா இல்லையா?"

அறைக் கதவைத் திறந்து மூட்டைகளைப் பார்த்தார். பிறகு, "என் அண்டாவத் தேய்ச்ச கைடி அதெல்லாம்" என்றார். "வீட்டுல மூட்டை மூட்டையா சாமான வச்சுக்கிட்டு நான் உக்காந்து தின்னா எனக்கு எறங்குமா?"

எனக்கும் இறங்கவில்லைதான். அதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல், நான் சொல்கிறபடி கேட்டால்தான் ஆச்சு என்று சட்டம் போட்டேன். சமையலறையும் அதை ஒட்டிய அறையும் அவருக்கு. வாசல் அறை எனக்கு. நடுக்கதவு சாத்தியே இருக்கும். சமையலறையிலிருந்து கொல்லைப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அவர் புளிசாதத்தையோ சாம்பார் சாதத்தையோ மந்தாரை இலையில் பொட்டலமாகக் கட்டி ஜன்னல் ஓரம் அடுக்கிவிட்டு உள்ளே தள்ளிப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து எடுப்பேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அடுப்பு பற்றவைக்கக் கிடைத்த சந்தோஷத்தில் அவர் எதற்கும் தலையாட்டியிருப்பார்.

முதல் நாள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "இன்னிக்குப் படையல் ஏது, பந்தி ஏது? ஒரு வாய் போட்டுப் பாருங்களேன், உப்பு காரம் தெரியுமில்ல" என்றேன்.

"பசியோட இருக்கிறவங்கதான் முதல் பந்தி. அவங்க கை நனைக்கறதுக்கு முன்னால நான் வாய் வைக்கிறதா?" என்று சொல்லிவிட்டு ஆவியை மூக்குக்குத் தள்ளிக்கொண்டார்.

மொபெட்டின் முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு சாக்கு. முகத்தில் ரெண்டு மாஸ்க், ஒன்றின் மேல் ஒன்று. உள் மாஸ்க்கில் நீலகிரித் தைலம். தைலம் கிருமியை விரட்டும் என்று வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். விரட்டியதோ இல்லையோ, அந்த நாட்களில் தைலத்தைத் தவிர வேறு எந்த வாசனையும் என் மூக்குக்கு எட்டவில்லை.

வடவாற்றில் தண்ணீர் இல்லாத மாதம். ஆற்றுக்குள்ளேயே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. சாக்கை மதகுக் கட்டையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வதாகத்தான் ஏற்பாடு. முதல் நாள் அப்படியே நடந்தது. மறுநாளே ஏற்பாடு போன இடம் தெரியவில்லை. பசியில் இருக்கிறவர்களிடம் தள்ளி நில் என்று எத்தனை தடவை சொல்வது? பாத்திரக்காரி அதட்டி வரிசை பிடித்தாள். அதட்டுவதற்கு வசதியாக மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டாள். ஒரு பெரியவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என் வலது கையை ரெண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கை சுட்டது. வெயிலில் நின்ற சூடா, காய்ச்சலா என்று தெரியவில்லை. கையை இழுத்துக்கொண்டால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று அப்படியே நின்றேன். வழியெல்லாம் அந்தக் கையை ஹாண்டில் பாரிலிருந்து விலக்கிப் பிடித்து, ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் கொல்லைக் குழாயடியில் குளியல். சேலையைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி, அந்தக் கையை மட்டும் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன், தோல் எரிகிறவரைக்கும். ஜன்னலுக்குள்ளிருந்து அவர், "எல்லாரும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். "சாப்பிட்டாங்க, ஜன்னலைச் சாத்துங்க" என்று கத்தினேன். நாளாக நாளாகப் பயம் பழகிவிடும் என்று சொல்வார்கள். எனக்குப் பழகவே இல்லை. ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கும்போது இன்றோடு நிறுத்திவிடலாம் என்று நினைப்பேன். மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தலைகளைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும்.

அப்படி இருக்கையில் ஒரு காலை, பொட்டலம் எடுக்கப் போனபோது அவர் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஏய், இந்தப் பெருங்காயம் எங்க வாங்கின?"

"வழக்கமான கடையிலதான். ஏன்?"

"மட்டமான சரக்கு. சுத்த மைதா. நேத்தே சந்தேகமா இருந்துச்சு, கூடக் கொஞ்சம் போட்டேன். இன்னிக்கு அள்ளி அள்ளிப் போடறேன், மணமே எழும்பல. ஊரே செத்துக்கிட்டு இருக்கு, இவனுங்களுக்குக் கலப்படம் பண்ண மனசு வருது பாரு."

எனக்குத் தைல நெடியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள் சாதத்தையும் நான் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த வெயிலில் திரும்பி வந்தால் மோர்ச்சாதம் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. அவர் மூக்கு சொன்னால் சொன்னதுதான். அதனால் நானும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கிளம்பினேன்.

மதகடியில் பாத்திரக்காரி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு வாய் போட்டாள். முகம் கோணியது.

"என்னக்கா, டப்பா கையத் தவறிக் கவுந்துடுச்சா? ஒரே காயமா நாறுது. கசப்பு வேற. பாருங்க, புள்ளைங்க துப்புதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தால் குறையா சொல்கிறாய் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் குழந்தைகள் நிஜமாகவே துப்பிக்கொண்டிருந்தன. அவர் மணமே இல்லை என்கிறார், இவள் நாறுகிறது என்கிறாள். பெருங்காயத்தில் ஏதோ கசப்பான கண்றாவியைக் கலந்திருக்கிறான் என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். கடைகள் அடைக்கும் நேரமாகிவிட்டது. வண்டியை நேரே கீழவாசலில் இருந்த அந்தக் கடைக்கு விட்டேன்.

கடைக்கு முன்னால் யாரும் நெருங்கி வராதபடி கயிறு கட்டியிருந்தார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஆரம்பித்தேன்.

"ஏண்ணே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? எத்தனை வருஷமா உங்ககிட்ட வாங்கறோம். பெருங்காயம்னு சொல்லி எதைக் குடுத்தீங்க? பச்சப் புள்ளைங்க வாயில வைக்க முடியாம துப்புதுங்க."

"மெதுவா பேசுங்கம்மா. மாஸ்டர் வீட்டுக்கு நான் அப்படிக் குடுப்பேனா?"

"மாஸ்டரேதான் சொல்றாரு, துளி மணம் இல்லன்னு. அவரு மூக்கு பொய் சொல்லுமா?"

அவர் என்னோடு வாதாடவில்லை. உள்ளே போய் அதே கட்டியை எடுத்து வந்தார். இடிகல்லில் தட்டி ஒரு துண்டைத் தாளில் வைத்து, கம்பால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் தள்ளினார். "இதே கட்டியிலதான் உங்களுக்கும் ஒடைச்சு இடிச்சுக் குடுத்தேன். பக்கத்துல யாரும் இல்ல, மாஸ்க்க எடுத்துட்டு நீங்களே மோந்து பாருங்க."

ரெண்டு மாஸ்க்கையும் கழற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோனேன். முழுக்க முகரக்கூட இல்லை, உச்சந்தலையில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா, என்ன காரம்! சரக்கு நல்ல சரக்குதாண்ணே, தப்பா பேசிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சொல்லவில்லை.

பெருங்காயத்தில் மணம் இருக்கிறது. எனக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை.

கடைக்காரருக்கும் அதே நேரத்தில் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரெண்டு அடி பின்னால் போனார். நான் மாஸ்க்கைக் கூட மாட்டாமல் அப்படியே நின்றிருந்தேன். "போங்கம்மா, சீக்கிரம் வீட்டுக்குப் போங்க" என்றார்.

எப்படி வண்டி ஓட்டினேன் என்று நினைவில்லை. நடுக்கதவைத் தள்ளித் திறந்தேன். அத்தனை நாள் சாத்திவைத்த கதவு. அவர் முக்காலியில் உட்கார்ந்து மறுநாளைக்குப் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். வீடு முழுக்கப் பெருங்காயம் மண்டிக் கிடந்தது, சுவரெல்லாம் அதுவே. அந்த நெடிக்கு நடுவில் அவர் சாவகாசமாக நாரும் கொட்டையும் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, சட்டம் போட்ட நீயே கதவத் தொறந்துட்ட?"

நான் பெருங்காய டப்பாவை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினேன். குனிந்து இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். "அதான் சொன்னேனே, ஒண்ணும் இல்ல" என்றார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கண் அந்த நெடிக்குக் கலங்கி வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. கையிலிருந்த புளியைத் தட்டில் மெதுவாக வைத்தார்.

"நான் கட்டின பொட்டலம் எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"போயிடுச்சு."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, இந்த மனுஷனை என்ன செய்வது? கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் பயம். மூன்றடி தள்ளி நின்று, சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதேன்.

ரெண்டு பேருக்கும் பரிசோதனை செய்தார்கள். ரெண்டு பேருக்கும் இருந்தது. எனக்குத் தும்மல்கூட இல்லை. மூக்கு நன்றாக வேலை செய்தது, பசித்தது, தூக்கம் வந்தது. எனக்குள் உட்கார்ந்துகொண்டு அது என்னை ஒன்றும் செய்யாமல், ஜன்னல் வழியாக அவரிடம் போய்விட்டது. சந்து வழியாக வந்தேன், குளித்தேன், தேய்த்தேன், எல்லாச் சட்டமும் நான்தான் போட்டேன். அது எந்தச் சட்டத்தையும் மதிக்கவில்லை. பொட்டலத்தில் சூடாகப் போன சோற்றால் ஒன்றும் வராது, மூச்சால்தான் பரவும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்படியானால் அங்கே போய் மூச்சு விட்டவள் நான். பாத்திரக்காரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "நீங்க மாஸ்டரப் பாருங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

அவருக்கு அன்றே மூச்சு திணற ஆரம்பித்தது. ஆக்சிஜன் படுக்கை கிடைக்கும்வரை ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸுக்குள்ளேயே கிடந்தோம். உள்ளே யாரோ ஒருவர் வெளியே போனால்தான் இவர் உள்ளே போக முடியும். வெளியே போவது என்றால் எப்படி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு படுக்கை காலியாகட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். அப்படிக்கூட மனசு வேண்டும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. காலியானது. யாருடைய படுக்கை என்று நான் கேட்கவில்லை.

என்னைக் கூட இருக்க விடவில்லை. எனக்கும் இருக்கிறதே, வீட்டிலேயே தனியாகக் கிடக்கச் சொன்னார்கள். தெரு முனையில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினார்கள். பாத்திரக்காரிக்குத் தினமும் போன் போட்டுக் கேட்பேன், எல்லாரும் நல்லா இருக்கோம் என்பாள். அவள் கூட்டத்திலிருந்து யாரோ ஒருத்தி தினமும் கேட்டில் ஒரு தூக்குவாளியை மாட்டிவிட்டுப் போனாள். கஞ்சியும் துவையலும் இருக்கும். சாப்பிடாவிட்டால் தூக்கு திரும்பும்போது தெரிந்துவிடுமே என்று சாப்பிட்டேன். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் இன்னும் பயம். அவர் பேசுவார். ரெண்டு வார்த்தைக்கு ஒரு இழுப்பு. "நல்லா இருக்கேன். நீ... சாப்பிட்டியா?" என்பார். பின்னால் யாருக்கோ மெஷின் கத்திக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்கப் போன் வரவில்லை. அன்றைக்கு எதிர்வீட்டு அம்மாள் கத்தியது என் காதிலேயே நின்றது, முகத்தை மட்டும் காட்டுங்கய்யா, முகத்தை மட்டும். மறுநாள் நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டு, "நேத்து கொஞ்சம் கஷ்டமாயிடுச்சு, இப்ப பரவால்லம்மா" என்றாள். அன்றைக்குத் தூக்கில் இருந்த கஞ்சியை மிச்சமில்லாமல் குடித்தேன்.

அவர் வந்தார். வராதவர்கள் எத்தனையோ பேர், அவர் வந்தார். பாதி உடம்பாகத்தான் வந்தார். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மெஷின் எங்கள் தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது. வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச காலம் அது எங்களிடம் இருந்தது, பிறகு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் மூச்சைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த வழி அவர் வாய் ஒன்றுதான்.

தினமும் காலையில் காபிக்கு முன்னால் ரெண்டு கேள்வி கேட்பேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டி, "வருதா?" என்பேன். ரொம்ப நாள் வரவில்லை. ஆடிப் பெருக்கு கழிந்து ஒரு காலையில், "லேசா வருதுடி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் படிப்படியாக, "நேத்தைவிட நல்லா வருது" என்றார், "இன்னிக்குத் தூக்கலா இருக்கு" என்றார். அடுத்த கேள்வி, "மூச்சு எப்படி இருக்கு?" என்பது. அதற்கு எப்போதும் ஒரே பதில்தான். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." கல்யாணங்கள் தொடங்கின. அவரும் மறுபடி போக ஆரம்பித்தார். பாத்திரக்காரியும் அவள் கூட்டமும் வந்தார்கள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

போன வருடம் திருவையாற்றுப் பக்கம் ஒரு கல்யாணம். நானும் கூடப் போயிருந்தேன். கொல்லையில் பாத்திரக்காரி அண்டா தேய்த்துக்கொண்டு பழைய கதை பேசினாள். பேச்சுவாக்கில், "அப்ப எங்க மாமியாளும் ஆஸ்பத்திரியிலதான கெடந்துச்சு" என்றாள்.

"எப்ப?"

"நீங்க வீட்டுல கெடந்தீங்களே, அப்பதான். எனக்கும் காச்சல்தான்."

"தினம் போன்ல கேட்டேனேடி! எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொன்னியே!"

"மாஸ்டரு அப்படிக் கெடக்கையில அதையும் சொல்லி உங்களக் கொல்லச் சொல்றீங்களா? அது பொழச்சு வந்துடுச்சு, விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சாம்பலை அள்ளினாள்.

என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று ஒருத்தி இத்தனை நாள் சிரித்துக்கொண்டே மறைத்திருக்கிறாள். என் கண் தானாக அடுப்புப் பக்கம் போனது. அவர் ஒரு சின்னக் கிண்ணத்தில் பெருங்காயத்தை அளந்துகொண்டிருந்தார். விளிம்பில் விரலால் வழித்து, திரும்பவும் அளந்தார். கண்ணளவிலேயே வாழ்ந்த மனுஷன் எப்போதிருந்து அளக்கிறார்? ஆவியை மூக்குக்குத் தள்ளிக்கொண்டார், பழையபடிதான். ஆனால் தள்ளிக்கொண்ட பிறகு, பக்கத்தில் நின்ற உதவியாளின் முகத்தைப் பார்த்தார். அவன் தலையசைத்ததும்தான் அண்டாவை இறக்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் டப்பாவைக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்தேன். உள்ளே வெறும் மைதாவைப் போட்டேன். என் மூக்கில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. காபிக்கு முன்னால் வழக்கம்போல் அவர் மூக்கருகே நீட்டினேன்.

கண்ணை மூடி இழுத்தார். முகத்தைச் சுளித்து, தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்பப்பா, என்ன காரம்! நல்ல சரக்குடி" என்றார்.

"ஆமா, புதுசா வாங்கினேன்" என்று சொல்லி மூடியை இறுக்கினேன். அவர் காபியை வாங்கிக்கொண்டு ஆற்றிக்கொண்டிருந்தார். வழக்கமான ரெண்டாவது கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை என்று அவருக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூச்சும் நல்லா இருக்குடி. கல்லு மாதிரி இருக்கேன்."

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்ததும், கை வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.